விளக்கால் கூப்பிடுகிற வீடு

செப்டம்பர் 27, சனி

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன், எனக்கே வெட்கமாக இருந்தாலும் மறைக்கமாட்டேன். காலாண்டு விடுமுறைக்குத் தமிழ் மிஸ் கேட்டது ஒரு கட்டுரைதான். அதை 'மழைநீர் சேமிப்பு' என்று தனியாக எழுதிக் கொடுத்துவிடுவேன். இது எனக்கு.

முதலில் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் பெயர் நிறைமதி, ஒன்பதாம் வகுப்பு. திண்டுக்கல்லில் ஒரு கீழ்வீட்டில் குடியிருக்கிறோம். அப்பா கதிரேசன் அரசுப் பேருந்து ஓட்டுநர். அம்மா சுகந்தி வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். அம்மாவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. கையால்தான் பேசுவாள். தம்பி செழியனுக்கு ஐந்தாவது மாதம் நடக்கிறது.

அம்மாவைக் கூப்பிட வேண்டுமென்றால் அவள் இருக்கிற அறையின் விளக்கை அணைத்துப் போடுவோம். ஒரு தடவை என்றால் 'இங்கே பார்'. இரண்டு தடவை என்றால் 'இங்கே வா'. படபடவென்று நிறுத்தாமல் போட்டால் ஏதோ சந்தோஷச் செய்தி. போன வருடம் நான் வகுப்பில் முதலாவதாக வந்த அன்று அம்மா போட்ட போடில் தையல் அறையின் ஸ்விட்சே கழன்று கையோடு வந்துவிட்டது.

இன்று காலை வத்தலகுண்டிலிருந்து ராஜாமணி அத்தை வந்தார். அப்பாவின் அக்கா. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"மாடி வீட்டு விஜயா போன் பண்ணுனா தம்பி. போன மாசம் ஒரு புதன்கிழமை மத்தியானம் புள்ள கதறுன கதறல் தெரு முக்கு வரைக்கும் கேட்டுச்சாம். ஒரு மணி நேரம்! பெத்தவ மிஷின்ல உக்காந்திருந்திருப்பா. அவளுக்கு எங்க கேக்கும்?"

அப்பா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"அவளக் குத்தம் சொல்லல. கடவுள் குடுத்தது அப்படி. பேச்சு வர்ற வரைக்கும் பய எங்கிட்ட இருக்கட்டும். ரெண்டு வருசம். சத்தமே இல்லாத வீட்டுல கெடந்தா அவன் எப்படிப் பேசுவான்?"

"நான் பேசுறேனே அத்தை?" என்றேன்.

"உன்ன மூணு வயசு வரைக்கும் யாரு வளத்தது? நாந்தான?"

அது உண்மைதான். எனக்கு நினைவில்லை. வத்தலகுண்டு வீட்டு வாசலில் கைத்தடி மாதிரி ஒரு குழாய் இருக்கும், அது மட்டும் நினைவிருக்கிறது.

அப்பா கடைசியில் வாயைத் திறந்தார். "டெப்போவுல ஒருத்தர் சொன்னாருக்கா. புள்ள அழுதா தானா லைட்டு விட்டு விட்டு எரியிற மாதிரி ஸ்விட்ச் வந்திருக்காம். அதப் போட்டுப் பாப்போம். லீவு முடியுற வரைக்கும் நீயும் இருந்து பாரு."

"பாக்குறேன். சரியா வரலைன்னா நான் தூக்கிட்டுப் போயிருவேன். அப்புறம் மொகத்தச் சுழிக்கக் கூடாது."

அம்மா அடுப்படியிலிருந்து மூக்கைத் திருகிக் காட்டினாள். மூக்குத்தியைத் திருகுவதுபோல் காட்டினால் அத்தை என்று அர்த்தம். 'அத்தை என்ன சொல்கிறார்?'

அப்பா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நீயே பக்குவமாச் சொல்லிரு தாயி."

சொன்னேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

எலக்ட்ரீஷியன் சேவியர் அண்ணன் வந்தார். தையல் அறை ஸ்விட்ச் போர்டைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்ததும் உச்சுக்கொட்டினார்.

"பெட்டிக்குள்ள நியூட்ரல் ஒயரே வரலையே பாப்பா. பழைய ஒயரிங். அடுத்த ரூம்லேர்ந்து இழுத்தாத்தான் ஆகும்."

"மேனுவல்ல 'நியூட்ரல் கட்டாயம்'னு போட்டிருக்குண்ணா. மூணாம் பக்கம்."

"நீ படிச்சிட்டியா? அப்ப நீயே மாட்டிரு, நான் ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன்."

மதியம் வரை வேலை நடந்தது. தையல் அறை, நடு அறை, வாசல் மூன்றுக்கும் புது ஸ்விட்ச். வழவழவென்று, மூலையில் நீலப் புள்ளி. வாசல் மணியை அழுத்தினால் தையல் அறை விளக்கு ஒரு முறை சிமிட்டும். சத்தத்தைக் கேட்கிற சென்சார் ஒன்று, சோப்பு டப்பா அளவு. அதை நடு அறைத் தூளிக்கு மேலே மாட்டினோம். குழந்தை அழுதால் தையல் அறை விளக்கு விட்டு விட்டு எரியும். எல்லாவற்றையும் அப்பாவின் பழைய போனில் ஆப் வழியாக நான்தான் இணைத்தேன்.

அத்தை தூளி முன்னால் நின்று "ங்ஙே" என்று அழுது பார்த்தார். விளக்கு எரிந்தது. சேவியர் அண்ணன் கைதட்டினார். "அத்தைக்கே எரியுது!"

மேனுவலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். ஒன்று முக்கியம். ஸ்விட்சை ஐந்தாறு தடவை வேகமாகப் போட்டு அணைத்தால் அது இணைப்பை எல்லாம் மறந்துவிடும். நீலப் புள்ளி துடிக்கும். மறுபடி முதலிலிருந்து இணைக்க வேண்டும். அப்பாவிடமும் அத்தையிடமும் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

நான் படித்துக்கொண்டிருக்கும்போது அம்மா தோளைத் தட்டினாள். தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். பாவாடை நாடாக்களை ஒன்றோடொன்று முடிந்து அம்மாவே செய்த கயிறு அது. தூளியில் கட்டி, கதவுக்கு அடியில் விட்டு, தையல் மிஷின்வரை நீளும். மிஷினில் உட்கார்ந்தபடியே காலில் மாட்டித் தூளியை ஆட்டுவாள். 'அப்புறம் அம்மா' என்று கைகாட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன்.

செப்டம்பர் 29, திங்கள்

குக்கர் விசில் அடித்தால் விளக்கு சிமிட்டுகிறது. உப்பு விற்கிறவர் மைக்கில் கத்தினால் சிமிட்டுகிறது. அத்தை தும்மினால் சிமிட்டுகிறது. ஒவ்வொரு தடவையும் அம்மா கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடிவந்து பார்க்கிறாள். தம்பி தூங்குகிறான். தீபாவளிக்கு ஜாக்கெட்டுகள் குவிந்து கிடக்கின்றன. ஒன்றின் கையைத் திருப்பித் தைத்துவிட்டாள்.

"இது என்ன கூத்து! புள்ள அழுகையத் தவிர எல்லாத்துக்கும் எரியுது" என்றார் அத்தை.

அம்மா என்னைப் பார்த்தாள். 'விளக்கு நல்லா வேலை செய்யுதுன்னு சொல்றாங்க' என்று சொன்னேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஆப்பில் சென்சாரின் அளவைக் குறைத்தேன். இப்போது குக்கருக்குச் சிமிட்டவில்லை.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

மிஷினைத் துடைத்துப் பொட்டு வைத்தோம். கத்தரிக்கோல், இஞ்ச் டேப், என் ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். அம்மா மூன்று புது ஸ்விட்சுகளுக்கும் பொட்டு வைத்தாள். தையல் அறை ஸ்விட்சில் நீலப் புள்ளியின் மேலேயே சந்தனம் விழுந்துவிட்டது. நான் துடைத்துவிடப் போனேன். அம்மா கையைத் தட்டிவிட்டாள். 'அதுவும் இனிமேல் இந்த வீட்டில் வேலை செய்கிறது.'

சாயங்காலம் தம்பி விழித்துச் சிணுங்கினான். சிணுங்கல் மெல்லியது. குறைத்து வைத்த சென்சாருக்கு அது எட்டவில்லை என்று நினைக்கிறேன். அத்தை பூச்சரத்தைக் கீழே வைத்துவிட்டுத் தையல் அறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அப்போது கொல்லையில், கதவுக்கு நேராக, துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் விளக்கு எரிந்தது. அம்மா வந்தாள்.

"பரவால்லையே" என்றார் அத்தை.

போன் என் பாவாடைப் பையில் இருந்தது. ஆப்பில் ஸ்விட்சின் படத்தைத் தொட்டாலும் விளக்கு எரியும். மேனுவலில் இருக்கிறது.

அக்டோபர் 2, வியாழன்

சென்சார் இன்று ஒரு தடவைகூடத் தவறவில்லை. போன் நாள் முழுக்க என்னிடம்தான் இருந்தது.

அக்டோபர் 3, வெள்ளி

அப்பா இரண்டு நாள் டூட்டி முடிந்து வந்தார். "எப்படி இருக்கு தாயி உன் லைட்டு?" என்று கேட்டார். "நல்லா இருக்குப்பா" என்றேன். அவர் முகம் அவ்வளவு லேசாவதைப் பார்த்து ரொம்ப நாளாகிறது.

ஆனால் பள்ளிக்கூடம் திங்கட்கிழமை திறக்கிறது. போனைக் கொண்டுபோக முடியாது. கொண்டுபோனாலும் அங்கேயிருந்து எனக்குத் தம்பி அழுவது கேட்காது.

அத்தை தம்பியின் சட்டைகளைத் தனியாகத் துவைத்து, தனியாகக் காயப்போட்டு, மடித்தும் வைத்துவிட்டார். அத்தை கெட்டவர் இல்லை. இதையும் எழுதத்தான் வேண்டும். தம்பியைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினால் அவன் அழுவதே இல்லை. அவனுக்குச் சாம்பிராணி காட்டும்போது அத்தை ஏதோ பாட்டை முணுமுணுக்கிறார். எனக்கும் அதைத்தான் பாடியிருப்பார்.

அம்மா கொடியைப் பார்த்தாள். 'ஏன் அவன் துணி மட்டும் தனியாக?'

'வெயில் நல்லா படட்டும்னு.'

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் பொய் சொன்னால் குரல் மாறுமாம். எனக்குக் கை மாறுகிறதோ என்னவோ.

அக்டோபர் 4, சனி

சாப்பிடும்போது அத்தை சொல்லிவிட்டார்.

"நாளைக்கு ஆறு மணி பஸ்ஸுக்குக் கெளம்புறேன். அதுக்கு முன்ன மத்தியானம் பய ஒரு தூக்கம் தூங்குவான். முழிச்சு அழுவான். யாரும் எந்திரிக்கக் கூடாது, யாரும் லைட்டுல கை வைக்கக் கூடாது. அவளா வந்து தூக்குனா நான் தனியாப் போறேன். வரலைன்னா பயலோட போறேன். என்ன தம்பி?"

அப்பா ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "சரிக்கா."

"அந்தப் போனும் ஃப்ரிட்ஜ் மேல இருக்கட்டும்" என்றார் அத்தை. என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

சோற்றை வைத்துவிட்டு எழுந்தேன். கொல்லையில் அம்மா நின்றிருந்தாள். 'என்ன?' என்று கேட்டாள். 'நாளை அத்தை ஊருக்குப் போகிறார்' என்றேன். அதுவரைக்கும் உண்மை.

இப்போது எழுதிவிடுகிறேன். அப்பா சொல்லச் சொன்ன அன்றைக்கு நான் அம்மாவிடம் சொன்னது, 'அத்தை தம்பியைக் கொஞ்சிவிட்டுப் போக வந்திருக்கிறார்' என்பது மட்டும்தான்.

சென்சாரின் அளவை மறுபடி முழுதாக ஏற்றிவிட்டேன். குக்கருக்குச் சிமிட்டினாலும் பரவாயில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

ஒன்று விடாமல் எழுத வேண்டிய நாள் இதுதான்.

காலையில் நான் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். திடீரென்று தையல் அறைக் கதவிடுக்கில் வெளிச்சம் படபடவென்று அடித்தது. நிறுத்தாமல் அடித்தது. ஓடினேன். அப்பா முகத்தில் சோப்பு நுரையோடு ஓடிவந்தார். அம்மா ஒரு கையால் ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டே மறுகையால் தரையைக் காட்டினாள். பாயில் தம்பி குப்புறக் கிடந்தான். முதல் தடவை. தலையைத் தூக்கி, எங்களை எல்லாம் யாரோ என்பதுபோல் பார்த்தான்.

அத்தைகூடச் சிரித்துவிட்டார். "கவுந்துட்டான்டா! கொழுக்கட்டை வேகவைக்கணும்."

அம்மா அழுதாள். நான் துருவிய தேங்காய் கொழுக்கட்டைக்குப் போனது. மாடி வீட்டு விஜயா அக்காவுக்கும் கொடுத்துவிட்டு வந்தேன்.

மத்தியானம் தம்பி தூளியில் தூங்கினான். அம்மா தையல் அறைக்குப் போய் மிஷினைப் போட்டாள். அத்தை நடு அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் பை. பையில் தம்பியின் துணிகள், பவுடர் டப்பா, கிலுகிலுப்பை. அப்பா ஜன்னலோரம். போன் ஃப்ரிட்ஜ் மேல்.

அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். திரும்பும்போதுதான் ஸ்விட்சைப் பார்த்தேன். காய்ந்த சந்தனத்துக்குப் பின்னால் நீலப் புள்ளி துடித்துக்கொண்டிருந்தது.

காலையில் அம்மா எத்தனை தடவை போட்டாள்! ஸ்விட்ச் எல்லாவற்றையும் மறந்துவிட்டது. சென்சார் எவ்வளவு கத்தினாலும் இனி இந்த விளக்கு எரியாது. அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்தேனே தவிரச் சொல்லவில்லை.

வெளியே வந்து உட்கார்ந்தேன். சொன்னால் அத்தை, "பாத்தியா, சந்தோசப்பட்டாக்கூட கெட்டுப்போற லைட்டு" என்பார். சொல்லாவிட்டால் தம்பி பையோடு போய்விடுவான். ஆறு மணி வரை அவன் விழிக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன். மிஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவன் விழித்துவிட்டான்.

முதலில் தூளி அசைந்தது. பிறகு சிணுங்கல். பிறகு வாயைத் திறந்து அழுதான். நான் பாதி எழுந்தேன்.

"ஒக்காரு" என்றார் அத்தை. அதட்டலாக இல்லை.

தையல் அறைக் கதவிடுக்கில் வெளிச்சம் அசையவே இல்லை. அப்பா கதவையே பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். அத்தையின் கை பையின் காதைப் பிடித்தது.

மிஷின் சத்தம் நின்றது.

கதவு திறந்தது. அம்மா ஜாக்கெட் துணியைத் தோளில் போட்டபடி வந்தாள், எங்களைப் பார்க்காமல் நேராகத் தூளிக்குப் போனாள், தம்பியை அள்ளினாள். அவன் அழுகை அவள் கழுத்தில் முட்டி நின்றது.

"லைட்டு எரிஞ்சுச்சா?" அத்தை கேட்டார். "நான் பாக்கலையே."

"எரியல அத்தை. அது காலையிலேயே போயிருச்சு."

"அப்புறம் எப்படி வந்தா?"

நான் அம்மாவின் காலைப் பார்த்தேன். இடது பெருவிரலில் பாவாடை நாடாவின் ஒரு சுருக்கு. அதன் மறுமுனை தூளியில். தம்பி கையைக் காலை உதைத்தால் நாடா சுண்டும். இத்தனை நாளும் அம்மா தூளியை ஆட்டத்தான் கயிறு கட்டியிருக்கிறாள் என்று நினைத்தோம். அது அவள் கேட்பதற்கு.

அப்போது அம்மா பையைப் பார்த்துவிட்டாள். மேலே கிலுகிலுப்பை தெரிந்தது. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து, என்னிடம் நின்றாள். 'இது என்ன?'

எல்லாவற்றையும் சொன்னேன். விஜயா அக்கா சொன்னது, இரண்டு வருடம், போன், நான் மாற்றிச் சொன்னது, எல்லாம். சில வார்த்தைகளை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அம்மாவுக்குப் பதில் சொல்ல இரண்டு கையும் வேண்டும். தம்பி கையில் இருந்தான். அம்மா ஒரு கணம் நின்றாள். பிறகு நேராகப் போய் அவனை அத்தையின் மடியில் வைத்தாள். வைத்துவிட்டுப் பேசினாள். "அப்படியே சொல்லு மதி" என்றார் அப்பா. அப்படியே சொன்னேன்.

'அது புதன்கிழமை. ஊசி போடுகிற நாள். காலையில் ஆஸ்பத்திரிக்கு நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். மத்தியானம் முழுக்க அவன் என் தோளில்தான் கிடந்தான். அழுவது காதில் விழாது, ஆனால் அவன் நெஞ்சு என் நெஞ்சில் அடித்தது. தூக்கிக்கொண்டே நடந்தேன். மாடியில் இருப்பவளுக்கு அழுகை கேட்டது. நான் நடந்தது கேட்கவில்லை. நீங்கள் யாரும் என்னிடம் கேட்கவில்லை.'

அன்று சாயங்காலம் தம்பியின் தொடைக்கு ஐஸ் வைத்தது நான். ஊசி போட்டது எனக்குத் தெரியும். புதன்கிழமை என்று அத்தை சொன்னதும் எனக்குத் தெரியும். இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

அம்மா இன்னும் முடிக்கவில்லை. 'மதியை நீங்கள் நன்றாக வளர்த்தீர்கள். நன்றாகப் பேசுகிறாள். ஆனால் அவள் எப்போது குப்புற விழுந்தாள், எப்போது உட்கார்ந்தாள் என்று நான் பார்க்கவில்லை. இவன் விழுந்ததை இன்று பார்த்தேன்.'

இதைச் சத்தமாகச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது. சொன்னேன்.

அத்தை மடியிலிருந்த தம்பியையே பார்த்தார். அவன் அத்தையின் சங்கிலியைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தான்.

"ராத்திரிக்கு?" என்று கேட்டார் கடைசியில்.

'மணிக்கட்டில் கட்டிக்கொள்வேன்.'

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

அதை அப்படியே அம்மாவிடம் கேட்டேன். அம்மா என்னைப் பார்த்தாள். 'சொன்னேன்.'

"சொன்னாங்க அத்தை" என்றேன். "நான்தான் பாக்கல."

அப்பா எழுந்தார். பையை எடுத்துக்கொண்டுபோய், தம்பியின் சட்டைகளை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கினார். பவுடர் டப்பாவைத் தலைகீழாக வைத்தார். யாரும் சரிசெய்யவில்லை.

ஐந்தரைக்கு அத்தை சேலை மாற்றிக்கொண்டு வந்தார். அம்மா மறுபடி மிஷினில் இருந்தாள். அத்தை தையல் அறை வாசலில் நின்று, ஸ்விட்சில் கையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எத்தன வாட்டி?"

"ரெண்டு."

இரண்டு தடவை போட்டார். அம்மா திரும்பி, எழுந்து வந்தாள். அத்தைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தன் தோளிலிருந்து முழங்கைவரை விரலால் அளந்து காட்டினார். "தீபாவளிக்கு எனக்கும் ஒண்ணு தச்சு வையி. அந்தப் பழைய அளவே இருக்குல்ல?"

அம்மா அந்தக் கையைப் பிடித்துச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னடி சொல்றா? மாத்தாமச் சொல்லணும் நீ."

"உங்க கை குண்டாயிருச்சாம் அத்தை. பழைய அளவுல தச்சா கையே நுழையாதாம்."

"இவ கொழுப்பப் பாரு!" என்று அத்தை அம்மாவின் தோளில் ஒரு அடி வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே அளவு கொடுத்தார். அப்பா பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். போகும்போது கையில் ஒரு பைதான் இருந்தது, அதுவும் அத்தையுடையது.

ஸ்விட்சை ஆப்பில் மறுபடி சேர்த்தேன். ஐந்து தடவைக் கணக்கை அம்மாவிடம் இப்போதுதான் சொன்னேன். அவள் யோசித்தாள். 'வாசல் மணிக்கு மட்டும் இருக்கட்டும். ஜாக்கெட் வாங்க வருகிறவர்கள் வெயிலில் நிற்கக் கூடாது. ஆனால் அவன் நடக்கும்போது நான் ஐந்து தடவையோடு நிறுத்த மாட்டேன்.'

'நிறுத்தாதே. நான் மறுபடி சேர்த்துத் தருகிறேன்' என்றேன்.

சென்சாரைக் கழற்றி மேனுவலோடு டப்பாவில் வைத்துவிட்டேன்.

நாளை பள்ளிக்கூடம். பை தயார். தம்பி தூளியில் இருக்கிறான். நாடா அம்மாவின் மணிக்கட்டில் இருக்கிறது. எங்கள் வீட்டில் வெளிச்சம் இருக்கும்வரைதான் பேச்சு. அதனால் கடைசி வார்த்தை எப்போதும் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் இருப்பவருக்குத்தான். இன்றைக்கு அது அம்மா. ஸ்விட்சில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறுகையால் கேட்கிறாள், 'எழுதியாச்சா? எல்லாம் எழுதினாயா?'

'எல்லாம்' என்றேன். என் கையையே பார்த்தாள். பிறகு தலையசைத்தாள்.

இந்த வரி கோணலாக இருக்கும், இருட்டில் எழுதுகிறேன். விளக்குகளை அணைத்தாயிற்று.